கவிழ்த்து வைத்த கடகம்

பத்மாக்கா,

நேற்று இரவு எங்கள் ஊரில் ஹெலி சுட்டது என்னால்தான். நாளைக்கோ நாளையிண்டைக்கோ வரணியிலிருந்து பருத்தித்துறைச் சந்தைக்கு வருகிற யாராவது இதை உங்களிடம் சொல்லுவார்கள். அவர்கள் எப்படிச் சொல்லுவார்களோ தெரியாது. அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜாம் போத்தல் விளக்கில் ஒரு விரல் எண்ணெய் கிடக்கிறது. யன்னலை இரட்டைச் சாக்கால் மறைத்திருக்கிறேன். இனி இந்த வீட்டிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே போனாலும் என் கதை முடிந்துவிடும். அம்மா நித்திரை. அப்பா நித்திரை இல்லை, இருமுவது கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை பனம்பாத்தி கிண்டத் தொடங்கினோம். ஆவணியில் நீங்களும் வந்து நின்று கொட்டை அடுக்கினீர்களே, அதே பாத்திதான். வளவின் கிழக்குப் பக்கம், தம்பிராசா மாமாவின் வேலி வரைக்கும் நீளமாகக் கிடப்பது. இனியும் விட்டால் பனங்கிழங்கு நார் பிடித்துவிடும் என்று அப்பாவுக்கு அவசரம். அவர் மேற்குத் தொங்கலிலிருந்து அலவாங்கால் கிண்டிக்கொண்டு வந்தார். மாடு மிதிக்காமல் பாத்திக்கு மேலே போட்டிருந்த காய்ந்த ஓலைகளை நான் முன்னுக்குப் போய் இழுத்துப் போட்டேன்.

கிழக்குத் தொங்கலில் ஓர் ஓலையைத் தூக்கியபோது கீழே மண் மெல்லிதாகப் பள்ளம் விழுந்திருந்தது. அதற்குள் மூன்று முயல்குட்டிகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மண்ணின் நிறத்திலேயே. எலிக்குஞ்சு மாதிரி மயிர் இல்லாமல் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை அக்கா. மயிரும் இருந்தது, கண்ணும் திறந்திருந்தது. ஒன்றின் நெற்றியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. மூன்றும் என்னையே பார்த்தன, ஆனால் ஒரு சதையும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அங்காலே வீமன் குரைத்தது. தம்பிராசா மாமாவின் நாயை உங்களுக்குத் தெரியும்தானே. பின்னாலேயே மாமாவின் தலை வேலிக்கு மேலே தெரிந்தது.

"என்ன பிள்ளை குணம், பாத்திக்குள்ளை புதையல் கிதையல் கண்டனியோ? அப்பிடியே நிக்கிறாய்."

ஓலையைக் கையிலிருந்து விட்டுவிட்டேன். அது மெதுவாகப் பழையபடி மூடிக்கொண்டது.

"ஒண்டுமில்லை மாமா. கொடுக்கான் போலை ஏதோ ஓடினது."

"கொடுக்கானெண்டா எனக்கு வேண்டாம். முயலெண்டாக் கூப்பிடு," என்று சிரித்துவிட்டுப் போனார்.

முயலுக்கு அவரை விட்டால் இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. இறைச்சி கடையில் வாங்கிச் சாப்பிடும் காலமா இது? அவர் பிடித்துக் கொண்டுவந்தால் எங்கள் வீட்டுக்கும் ஒரு கோப்பை வரும். நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

அன்று பின்னேரம் முழுக்கத் தாய் வரவில்லை. நான் நாலு தரம் போய்ப் பார்த்தேன். தாய் செத்திருக்கும், அல்லது எங்கள் சத்தத்துக்குப் பயந்து விட்டுவிட்டு ஓடியிருக்கும் என்று நினைத்தேன். இருட்டுகிற நேரம் அம்மா வழக்கம்போல அடைக்கோழியையும் குஞ்சுகளையும் கூடையால் மூடி, மேலே கல்லை வைத்தா. கீரி கிளறாமல் இருக்க. அதைப் பார்த்ததும் எனக்கு நல்ல யோசனை வந்தது மாதிரி இருந்தது. குசினிக்குப் பின்னால் கிடந்த பழைய பனையோலைக் கடகத்தைக் கொண்டுபோய்க் குட்டிகளுக்கு மேலே கவிழ்த்தேன். ஓரத்துக்கு மண் அணைத்தேன். மேலே இரண்டு கல் வைத்து, அதற்கு மேலே ஓலையைப் போட்டேன். இனி வீமன் வந்தாலும் பயமில்லை என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

புதன்கிழமை விடியப் போய்ப் பார்த்தால் ஓலை விலகிக் கிடந்தது. கடகத்தைச் சுற்றி மண் எல்லாம் கிளறியிருந்தது. ஓர் இடத்தில் கடகத்தின் விளிம்புக்குக் கீழே நாலு விரல் ஆழத்துக்குப் பள்ளம். கீரியோ நாயோ வந்திருக்கிறது, கடகம்தான் காப்பாற்றியிருக்கிறது என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பள்ளத்தை மூடிவிட்டு, இன்னும் பெரிய கல்லாகத் தேடி ஒன்றைத் தூக்கி வைத்தேன்.

குட்டிகள் வாடியிருந்தன. நேற்றுப் பார்த்தபோது உருண்டையாக இருந்த வயிறு ஒட்டியிருந்தது. ஆட்டுப்பாலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய், துணித்திரியில் நனைத்து வாயில் வைத்தேன். இரண்டு குட்டி திரியை நக்கின. வெள்ளைப் புள்ளிக் குட்டி வாயைத் திறக்கவில்லை. வற்புறுத்தி வைத்தபோது பால் மூக்கால் வந்தது. பயந்து விட்டுவிட்டேன். அது என் உள்ளங்கையில் குளிர்ந்து போய்க் கிடந்தது. பாவாடையால் பொத்திச் சூடு காட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்துவிட்டு, கடகத்தை மூடினேன்.

அன்று இரவுதான் தம்பிராசா மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பாக்குச் சீவிக்கொண்டே அப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே கொப்பியை விரித்து வைத்திருந்தேன்.

"பஞ்சலிங்கண்ணை, உங்கடை பாத்திப் பக்கம் முயல் ஒண்டு திரியுது. வீமன் ரெண்டு நாளா மூக்கைத் தூக்கிக்கொண்டு நிக்கிறான்."

"வீமன் மூக்கைத் தூக்கினா ஆரோ கருவாடு பொரிக்கினம் எண்டு அர்த்தம்."

"பகிடி விடாதேங்கோ. நான் காலடி பாத்தனான். அது குட்டி போட்ட முயல். பக்கத்திலை எங்கையோதான் குட்டியள் கிடக்கு."

அம்மா குசினிக்குள் இருந்தே சொன்னா, "குட்டி போட்டதை ஏன் பிடிப்பான், தம்பிராசா? பாவமெல்லே."

"பாவம் பாத்தா அரைச்ச மிளகாய்த்தூள் வீணாப் போயிடுமெல்லோ, அக்கா." சிரித்தார். பிறகு குரல் மாறியது. "ஆனா ஒண்டு. அதைப்போலை கெட்டிக்காரத் தாயை நான் காணேல்லை. பகல் முழுக்கக் குட்டிக்குக் கிட்டவும் வராது. வந்தால் தன்ரை மணத்துக்கு நரியும் நாயும் வந்திடும் எண்டு அதுக்குத் தெரியும். இருட்டினாப் பிறகு ஒருக்கா வரும். ஐஞ்சு நிமிசம் பால் குடுக்கும். போயிடும். அந்த ஐஞ்சு நிமிசத்துக்குத்தான் நாங்கள் காவல் கிடக்க வேணும்."

"அது வராட்டி?" கேட்டது நான்தான். என் குரல் எனக்கே பிடிபடவில்லை.

"வராட்டிக் குட்டி ஒரு நாள் தாங்கும். ரெண்டாம் நாள் தாங்காது. ஏன் பிள்ளை, சோதினையிலை முயல் கேள்வி வருதோ?"

அப்பாவும் சிரித்தார். நான் கொப்பியை மூடினேன். விளிம்புக்குக் கீழே நாலு விரல் ஆழம். கிளறியது கீரி இல்லை, நாய் இல்லை. தாய். இரவு முழுக்கக் கடகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கிளறியிருக்கிறது. உள்ளே மூன்றும் அந்த மணத்தை மோந்துகொண்டு பசியோடு கிடந்திருக்கும். நான் அதற்கு மேலே இன்னும் பெரிய கல்லை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கோழிக்குஞ்சுக்குத் தாய் கூடைக்குள்ளே இருக்கும், அக்கா. முயல்குட்டிக்கு வெளியே இருக்கும். அது எனக்குத் தெரியவில்லை.

மாமா போகும்போது எட்டு மணி இருக்கும். நல்ல இருட்டு. நாளை மறுநாள் அமாவாசை. ஏழு மணிக்குப் பிறகு ஊரில் ஒருவரும் வெளிச்சம் காட்டக்கூடாது என்று விழிப்புக்குழு சொல்லியிருக்கிறது. இந்த மாதம் ஹெலி இரண்டு தரம் வெளிச்சத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறது.

இனி நான் சொல்வதற்கு என்னை ஏசாதீர்கள். அப்பாவின் ரோச் லைட் பெட்டகத்துக்கு மேலே கிடந்தது. பற்றரி ஊருக்குள் வருவது நின்ற நாளிலிருந்து அது செத்த ரோச் என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் போன கிழமை நான் அந்தப் பழைய பற்றரிகளை எடுத்து மூன்று நாள் ஓட்டுக்கு மேலே வெயிலில் காயவைத்தேன். றேடியோவில் போட்டுப் பாட்டுக் கேட்கத்தான். கொஞ்சம் உயிர் வந்தது. கண்டுபிடித்தால் அடி விழும் என்று திரும்ப ரோச்சுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தேன்.

"அம்மா, கிணத்தடிக்குப் போட்டு வாறன்," என்றேன்.

"கெதியா வா. கால் நிலத்திலை பாத்து வை."

ரோச்சைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். போடுகிற எண்ணம் இல்லை. சத்தியமாக இல்லை. எத்தனை தரம் பகலில் போய்வந்த இடம்! ஆனால் அந்த இருட்டில் என் கையே எனக்குத் தெரியவில்லை. பகலில் அப்பா கிண்டிவிட்டிருந்த பள்ளத்துக்குள் இரண்டு தரம் விழுந்தேன். பாத்தியின் எந்தத் தொங்கலில் நிற்கிறேன் என்றே பிடிபடவில்லை. முழங்காலில் தவழ்ந்து கையால் தடவினேன். கையில் காய்ந்த ஓலை பட்டது. அதற்குக் கீழே ஏதோ சரசரவென்று ஊர்ந்தது.

புடையன் பாம்பாக இருந்தால்? போன மாரியில் இதே பாத்தியில் அப்பா ஒன்றை அடித்தவர். கையை இழுத்துக்கொண்டேன். நகரவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. ரோச்சின் கண்ணாடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஒரே ஒரு தரம் சுவிச்சைத் தள்ளினேன்.

விரலுக்கு நடுவால் சிவப்பாக வெளிச்சம் வந்தது. பாம்பு இல்லை. ஓர் ஓணானோ எலியோ ஓடியிருக்கும். கடகம் இரண்டு எட்டில் தெரிந்தது. ஓடிப்போய் ரோச்சை மண்ணில் குப்புற வைத்துவிட்டு, கல்லை இரண்டு கையாலும் தூக்கி எறிந்தேன். கடகத்தைப் பிரட்டினேன். குட்டிகளைத் தடவிப் பார்த்தேன். இரண்டு அசைந்தன.

அப்போதுதான் சத்தம் கேட்டது. பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து. முதலில் தூரத்தில் நெல்லுக் குத்துவது மாதிரி, பிறகு தலைக்கு மேலே வருகிற மாதிரி. அவசரத்தில் ரோச்சை எடுக்கப் போக, என் முழங்கால் பட்டு அது பாத்தியின் சரிவில் உருண்டது. உருண்டு அண்ணாந்து நின்றது. வெளிச்சம் நேராக வேலியோரப் பனையின் தலைக்குப் போனது. வட்டு, ஓலை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மூன்றே நாள் வெயிலில் காயவைத்ததற்கு அது அவ்வளவு எரியும் என்று நான் நினைக்கவே இல்லை.

பாய்ந்து அதற்கு மேலே விழுந்தேன். வயிற்றால் அமத்திக்கொண்டு சுவிச்சைத் தேடினேன். அணைந்ததா இல்லையா என்று தெரியாமலேயே கிடந்தேன். ஹெலியின் சத்தம் மாறியது. அது திரும்புகிறது என்று எனக்கு விளங்கியது.

பிறகு சுட்டது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பனையில் படும்போது கோடாலியால் கொத்துவது மாதிரிச் சத்தம். பாத்திச் சரிவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். வாய் நிறைய மண். என் கைக்கு எட்டுகிற தூரத்தில் மூன்று குட்டிகளும் ஒன்றும் மூடாமல் கிடந்தன. ஓலையை இழுத்து மூட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டே இருந்தேன். கை வரவில்லை.

சத்தம் தூரப் போன பிறகுதான் ஓலையை இழுத்து மேலே போட்டேன். ஒரு பக்கம் திறந்த மாதிரி, தாய் வருவதற்கு இடம் விட்டு. ரோச்சைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு ஓடி, கடகத்தைக் குசினிக்குப் பின்னால் போட்டேன்.

அம்மா பங்கர் வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் குழறிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் முதுகில் இரண்டு போட்டா. பிறகு கட்டிப் பிடித்தா.

"எங்கையடி நிண்டனி?" அப்பா கேட்டார்.

"கிணத்தடியிலை விழுந்து படுத்திட்டன்."

அவர் என் கையைப் பிடித்துப் பங்கருக்குள் இறக்கினார்.

இன்று காலை எட்டு மணிக்கெல்லாம் சிவசுப்பிரமணியம் ஓவசியர் வந்துவிட்டார். வேலையால் நின்ற பிறகு அவர்தான் விழிப்புக்குழுவுக்குத் தலைவர். அவர் வந்தது எங்கள் வீட்டுக்கு அல்ல, தம்பிராசா மாமா வீட்டுக்கு. நான் வேலிப் பொட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். நாங்கள் சின்னனில் நுழைந்து விளையாடப் போன அதே பொட்டு.

"தம்பிராசா, ராத்திரி வெளிச்சம் வந்தது உந்தப் பனங்கூடலுக்குள்ளை இருந்து. நாலு பேர் கண்டிருக்கினம். ஊரிலை எரியிற ரோச் இருக்கிறது உன்னட்டை மட்டும்தான்."

"ஓவசியர் ஐயா, என்ரை பசுவின்ரை முதுகை வந்து பாருங்கோ. கொட்டில் கூரையாலை வெடி போய்த் தோலை உரிச்சிருக்கு. என்ரை மாட்டைச் சுடச் சொல்லி நானே ஹெலியைக் கூப்பிட்டனானோ?"

"உந்தப் பகிடியெல்லாம் என்னட்டை வேண்டாம். முயலுக்கு லைட் அடிக்காதை எண்டு போன மாசமும் சொன்னனான். நாலு மணிக்குக் காம்பிலையிருந்து இயக்கப் பொடியள் வருவினம். அவையிட்டைக் கதை."

மாமா பிறகு பகிடி விடவில்லை. சின்னத்தங்கம் மாமி உள்ளேயிருந்து ஓடிவந்து, "ராத்திரி இந்த மனிசன் என்ரை பக்கத்திலைதான் பங்கருக்குள்ளை கிடந்தது, ஐயா," என்று சொல்லிச் சொல்லி அழுதா. ஓவசியர் மாமாவின் ரோச்சை வாங்கித் தன் சைக்கிள் கரியரில் கட்டினார். ஹெலிக்கு வெளிச்சம் காட்டினவன் என்று ஒருவனுக்குப் பேர் வந்துவிட்டால் அந்தப் பேர் அவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் எழுதத் தேவையில்லை. உங்களுக்கும் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுக்குத்து என்றேன். பாதிப் பொய்தான். சொல்ல வேண்டும் என்று எழும்புவேன், பிறகு இருப்பேன். சொன்னால் அப்பாவையும் கேட்பார்கள். செத்த ரோச் எப்படி எரிந்தது என்று கேட்பார்கள். முயல்குட்டிக்காக என்றால் யார் நம்புவார்கள்? நம்ப வேண்டுமென்றால் குட்டிகளைக் காட்ட வேண்டும். தம்பிராசா மாமாவுக்கு முன்னால் காட்ட வேண்டும். அவருக்குத் தாய் வருகிற நேரம் தெரியும். இடம் மட்டும்தான் தெரியாது. குட்டிகள் அங்கே இல்லாவிட்டால், ராத்திரி நாயோ நரியோ கொண்டுபோயிருந்தால், என்னிடம் காட்டவும் ஒன்றும் இல்லை. பயத்தில் நான் காலையிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றரை ஆனது. அப்பா மாமாவுக்குத் துணையாக அங்கே போய் இருந்தார். ஓவசியரும் திரும்பி வந்துவிட்டார். சின்னத்தங்கம் மாமி, மாமாவுக்கு வெள்ளைச் சேட்டு ஒன்று எடுத்துக் கொடுப்பது தெரிந்தது. கோயிலுக்குப் போகும்போது போடுகிற சேட்டு. அதைப் பார்த்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. ரோச்சை எடுத்துக்கொண்டு பொட்டால் நுழைந்தேன்.

"லைட் அடிச்சது மாமா இல்லை. நான்," என்றேன்.

ஓவசியர் அப்பாவைப் பார்த்தார்.

"என்ன பஞ்சலிங்கம், ஆள் மாறாட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பிறியோ?"

"குணம், உள்ளை போ. விசர்க்கதை கதையாதை. அது செத்த ரோச்," என்றார் அப்பா.

சுவிச்சைத் தள்ளினேன். பகல் வெளிச்சத்திலும் கண்ணாடிக்குள் மஞ்சளாகத் தெரிந்தது. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, அக்கா. பார்க்க முடியவில்லை.

"ஏன் அடிச்சனி? ஆர் சொல்லி அடிச்சனி?" ஓவசியரின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"ஒருதரும் சொல்லேல்லை. முயல்குட்டிக்கு மேலை கடகம் கவிட்டு வைச்சிட்டன். தாய் பால் குடுக்க வரேலாமல் போச்சு. அதை எடுக்கப் போனனான்."

"என்ன? முயலுக்குக் கடகமோ?"

"கோழிக்குஞ்சை மூடிற மாதிரி."

ஓவசியரோடு வந்தவர் ஒருவர் சிரித்தார். தம்பிராசா மாமா சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கை குட்டியள்?" அவர்தான் கேட்டார்.

எல்லாரும் என் பின்னால் வந்தார்கள். பாத்தியின் கிழக்குத் தொங்கலுக்குப் போக நாற்பது எட்டுக்கூட இல்லை. அவ்வளவு தூரமும் 'இருக்கவேணும், இருக்கவேணும்' என்றுதான் மனதுக்குள் சொன்னேன். உயிரோடு இருக்கவேணும் என்று சொன்னேனா, காட்டுவதற்கு இருக்கவேணும் என்று சொன்னேனா, அது எனக்கே தெரியவில்லை.

ஓலையைத் தூக்கினேன். இரண்டு குட்டிகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. வயிறு உருண்டையாக இருந்தது. வெள்ளைப் புள்ளிக் குட்டி ஒரு சாண் தள்ளி, பள்ளத்துக்கு வெளியே கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

தம்பிராசா மாமா குந்தியிருந்து மண்ணைப் பார்த்தார். குட்டிகளைத் தொடவில்லை. கடகம் இருந்த வட்டம் இன்னும் மண்ணில் அப்படியே தெரிந்தது. அதற்கு மேலால் பின்னங்கால் தடம் நீளமாக இரண்டு.

"பிள்ளை சொல்லுறது உண்மை, ஐயா. உது கடகத்தின்ரை அடையாளம். உது தாயின்ரை கால். விடியப்புறம் வந்திருக்கு. வெடி ஓய்ஞ்ச பிறகு." பிறகு மெதுவாகச் சொன்னார். "அவ்வளவு சூட்டுக்குப் பிறகும் வந்திருக்கு."

"ரெண்டு முயல்குட்டிக்காக ஊரைக் கொளுத்தப் பாத்தியேடி," என்றார் ஓவசியர்.

நாலு மணிக்கு இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். ஓவசியர்தான் எல்லாவற்றையும் சொன்னார். என்னையும் திரும்ப ஒருக்காச் சொல்லச் சொன்னார்கள். ஒருவர் கொப்பியில் என் பேர், வயது, பள்ளிக்கூடம், எல்லாம் எழுதினார். அப்பாவின் ரோச்சை எடுத்துக்கொண்டார்கள். மாமாவுடையதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "தேவைப்பட்டாக் கூப்பிடுவம்," என்றார்கள். அவ்வளவுதான். அந்தக் கொப்பிதான் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கூப்பிடுவார்களா அக்கா? அத்தானிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்பா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. அவர்கள் போன பிறகு அலவாங்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தியைக் கிண்டினார். இருட்டும் மட்டும் கிண்டினார். பிறகு நான் போய்ப் பார்த்தேன். முழுப் பாத்தியும் கிண்டியாகிவிட்டது. கிழக்குத் தொங்கலில் மட்டும் ஒரு பாய் அளவு இடம் அப்படியே கிடக்கிறது, ஓலையோடு. நல்ல முற்றின கிழங்கு உள்ள இடம் அது.

ஆனால் எனக்கு இருந்த பயம் வேறு. மாமா குந்தியிருந்து தடத்தைப் பார்த்தபோது, அது எந்தப் பக்கத்தால் வந்தது, எந்தப் பக்கத்தால் போனது என்று அவர் கண் போன வழியே நானும் பார்த்தேன். அவருக்கு இப்போது நேரமும் தெரியும், இடமும் தெரியும். என்னால் அவருக்கு ரோச் போய்விட்டது. ஆனால் அவருக்கு ரோச் தேவையில்லை. வீமன் போதும்.

விளக்கு வைக்கிற நேரம் பொட்டுக்குள்ளால் மாமா வந்தார். கையில் கயிறு. கயிற்றில் வீமன்.

"மாமா, வேண்டாம் மாமா," என்றேன்.

அவர் வீமனை யன்னலோரம் நிற்கிற எங்கள் முருங்கைக்குக் கொண்டுபோய் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். பிறகு ஒன்றை இழுத்துப் பார்த்தார்.

"இவன் உங்கை கிடக்கட்டும். எங்கடை வீட்டிலை கட்டினா அறுத்துக்கொண்டு நேரா அங்கைதான் ஓடுவான். இஞ்சை எண்டா நீ பாப்பாய்தானே."

"எத்தினை நாளைக்கு?"

"குட்டியள் தானாப் பாய மட்டும். ஒரு கிழமை, பத்து நாள். சோறு நீதான் போட வேணும். கனக்கத் திண்பான், கண்டியோ."

நான் வீமனைப் பார்த்தேன். பிறகு கேட்டேன். "அப்ப நீங்கள், மாமா?"

"என்னையோ? என்னை உன்ரை மாமி கட்டி வைச்சிருக்கிறாள். அந்தக் கயிறு இதை விடத் தடிப்பு." போகத் திரும்பியவர் நின்றார். "பிள்ளை, நாலு மணிக்கு முன்னம் நீ வராட்டி…" என்று தொடங்கினார். அதை முடிக்கவில்லை. வீமனின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பொட்டால் போய்விட்டார்.

நான் என் பங்குச் சோற்றில் பாதியை வீமனுக்குப் போட்டேன். அது தின்றுவிட்டு இவ்வளவு நேரமும் யன்னலுக்குக் கீழே சுருண்டு கிடந்தது. இடையில் ஒருக்கா ஹெலி தூரத்தால் போனது. நான் விளக்கைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தேன். அது திரும்பவில்லை.

எண்ணெய் முடியப் போகிறது. தாய் இன்று வருமா என்று தெரியாது. பாத்தி முழுக்கக் கிண்டி, இத்தனை பேரின் காலும் பட்டு, மணமெல்லாம் மாறிப் போயிருக்கும். போய்ப் பார்க்கவும் முடியாது. விடியும் மட்டும் ஒன்றும் தெரியப் போவதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு இதை எழுதினேன்.

அக்கா, வீமன் இப்போது எழும்பிவிட்டது. குரைக்கவில்லை. கிழக்குப் பக்கமாக இழுக்கிறது போல. கயிறு இறுகி முருங்கை அசைகிற சத்தம் கேட்கிறது. தொண்டைக்குள் மெதுவாக உறுமத் தொடங்குகிறது.

வந்திருக்கிறது. தாய்க்கு ஐந்து நிமிசம் போதும்.

விளக்கை அணைக்கிறேன். போய் வீமனின் வாயைப் பொத்திப் பிடிக்க வேண்டும்.